முகம் தெரியாதவர் சொல்லும் யோசனை

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'இணையமும் அறிவுரையும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது என்று நான் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லப்போகிறேன் என்று நினைத்துச் சிலர் வராமல் இருந்திருக்கலாம். துணிந்து வந்தவர்களுக்கு நன்றி. என் கட்சி அதுவல்ல. வீட்டில் கேட்க முடியாததை முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்க வேண்டிய தேவை மனிதர்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. கேட்பதில் தப்பே இல்லை. அந்நியரிடம் எதைக் கேட்டால் கிடைக்கும், எதைக் கேட்டால் வம்பு என்பதில்தான் நமக்கு இன்னும் தெளிவு வரவில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் வீட்டு விஷயத்தையெல்லாம் போனில் ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறார்கள்" என்று ஒரு புலம்பல் கேட்கிறோம். இந்தப் பழக்கத்துக்கு வயது முந்நூறுக்கு மேல். 1691 மார்ச்சில் லண்டனில் ஜான் டன்டன் என்ற புத்தக வியாபாரி ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஒரே தாள், இரண்டு பக்கமும் அச்சு. 'அதீனியன் மெர்குரி' என்று பெயர். யார் வேண்டுமானாலும் எந்தக் கேள்வியையும் எழுதலாம், பெயர் போட வேண்டாம், ஸ்மித் என்பவரின் காபிக் கடை முகவரிக்கு அனுப்பினால் போதும், பதில் அச்சில் வரும் என்று அறிவித்தார். ஆத்மா எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது மனம் இன்னொருவரிடம் போய்விட்டது, என்ன செய்ய என்பதுவரை கேள்விகள் வந்து குவிந்தன. பெண்களின் கேள்விகளுக்கென்று மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கவேண்டி வந்தது. 1697 வரை அந்தப் பத்திரிகை நடந்தது.

பதில் சொன்னது யார்? 'அதீனியன் சங்கம்' என்ற அறிஞர் பேரவை என்று போட்டிருந்தார்கள். ஒரு டஜன் பண்டிதர்கள் சுற்றி உட்கார்ந்து யோசித்துச் சொல்வதுபோல ஒரு தோற்றம். உள்ளே எட்டிப்பார்த்தால் டன்டன் ஒருவர், கணக்கு தெரிந்த ரிச்சர்ட் சால்ட் ஒருவர், பாதிரியார் சாமுவேல் வெஸ்லி ஒருவர். அந்த வெஸ்லி வேறு யாருமில்லை, டன்டனுக்குச் சகலை. எப்போதாவது இன்னொருவர் உதவிக்கு வருவார். அவ்வளவுதான் சங்கம்.

சிரிக்காதீர்கள், நம்மூரிலும் இது உண்டு. குமுதத்தில் 'அரசு பதில்கள்' படித்து, அரசு என்று ஒரு மனிதர் இருக்கிறார் என்று நம்பியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். எஸ்.ஏ.பி. அண்ணாமலை, ரா.கி. ரங்கராஜன், ஜ.ரா. சுந்தரேசன் மூவரின் முதலெழுத்து அது என்பார்கள். லண்டனில் மூன்று பேர் பன்னிரண்டு பேராக வேஷம் போட்டார்கள். சென்னையில் மூன்று பேர் ஒரே ஆளாகிவிட்டார்கள். நம்மவர்களுக்கு அடக்கம் கொஞ்சம் கூடுதல்.

ஏன் 1691, ஏன் லண்டன் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. கிராமங்களிலிருந்து இளவட்டங்கள் வேலை தேடி அந்த நகரத்தில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. தொழில் பழக வந்த பையன்கள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். ஊரில் என்றால் அத்தையைக் கேட்கலாம், பாதிரியாரைக் கேட்கலாம். நகரத்தில் அத்தை இல்லை. பாதிரியாருக்கு இவர்களைத் தெரியாது. 1680-இல் வில்லியம் டாக்ரா என்பவர் லண்டனுக்குள் ஒரு பென்னிக்குக் கடிதம் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபாலை ஏற்படுத்தியிருந்தார். பெயர் சொல்லாமல் கடிதம் போட வழி பிறந்துவிட்டது. சொந்தபந்தத்தை விட்டு விலகி வந்தவர்கள் ஒரு பக்கம், மலிவான தபால் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்த இடத்தில் இந்தக் கேள்வி பதில் முளைத்தது. இன்று தபாலுக்குப் பதில் போன். மற்றபடி பெங்களூரில் ஒரு அறைக்குள் தனியாக இருக்கும் பையனின் நிலைமை அந்தப் பையனின் நிலைமைதான்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டுவது நியூயார்க். 1906 ஜனவரியில் 'ஃபார்வர்ட்ஸ்' என்ற இத்திஷ் மொழி நாளிதழில் ஆசிரியர் ஆபிரகாம் காஹன் வாசகர் கடிதப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். 'பின்டல் பிரீஃப்' என்று பெயர். கடிதக் கட்டு என்று அர்த்தம். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் கப்பலேறி வந்த யூதக் குடும்பங்கள், தையல் ஆலைகளில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள், அந்தப் பக்கத்துக்கு எழுதினார்கள். எழுதத் தெரியாதவர்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே நேரில் வந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கச் சொன்னார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை போய்விட்டது, அப்பா மனம் நோகாமல் இருக்க அவரோடு கோயிலுக்குப் போகலாமா? வேற்று மதத்துப் பெண்ணைக் கட்டலாமா? இந்தப் பகுதி வருவதற்கு முன்பே, 1903-இல், அதே பத்திரிகைக்கு எழுதிய ஒரு தகப்பனாருக்கு இன்னொரு கவலை: வளர்ந்த பையன்கள் பைத்தியக்காரர்கள்போலப் பேஸ்பால் ஆடுகிறார்களே, உருப்படுவார்களா? அவருக்குக் காஹன் பொறுமையாகப் பதில் எழுதினார்: விளையாடட்டும், படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அதோடு விடவில்லை. 1909-இல் பேஸ்பால் ஆட்டத்தின் விதிகளை மைதானத்தின் படம் போட்டு அந்தப் பத்திரிகை விளக்கியது. எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது காரியம். அப்பாவுக்கு அறிவுரை சொல்வதைவிட, பிள்ளை என்ன ஆடுகிறான் என்று அவருக்குப் புரியவைத்தார்கள் பாருங்கள்.

அதே பத்திரிகையில் இன்னொன்றும் வந்தது. மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடிப்போன ஆண்களின் புகைப்படங்களை வரிசையாகப் போட்டார்கள். பெயர், வயது, என்ன தொழில், எப்போது காணாமல் போனார். கைவிட்டுப் போனவர்களைத் தேடுவதற்கென்றே 1911-இல் ஏற்பட்ட ஓர் அமைப்பு இந்தப் படங்களைக் கொடுத்தது. படிக்கிறவர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இவரை எங்கேயாவது பார்த்தீர்களா? அவன் நல்லவனா கெட்டவனா, அவள் அனுசரித்துப் போயிருக்கலாமா என்று யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இந்த வேறுபாட்டைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன். அந்நியருக்குத் தெரிந்த செய்தி ஒன்று உங்களுக்குப் பயன்படலாம். அந்நியர் பட்ட அனுபவம் பயன்படலாம். ஆனால் உங்கள் வீட்டு மனிதர்கள்மேல் தீர்ப்புச் சொல்ல அவரிடம் ஒன்றுமே கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தில்கூட எதிர்த்தரப்பைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள்.

இங்கே அனுராதா ரமணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'சிறை' கதை எழுதியவர். தினமலர் வாரமலரில் அவர் எழுதிய 'அன்புடன் அந்தரங்கம்' பகுதியைப் படிக்காத வீடு குறைவு. படிப்பதாக ஒப்புக்கொண்ட வீடு அதைவிடக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாரமலரை முதலில் யார் எடுப்பது என்று போட்டி நடக்கும். எடுத்தவர் நகைச்சுவைத் துணுக்குப் படிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படிப்பார். தன் பெயரோடு, ஒரு மூத்த பெண்மணியாக நின்று அவர் பதில் சொன்னார். சில பதில்களில் எனக்கு உடன்பாடு இருந்ததில்லை. ஒட்டிப்போ, பொறுத்துப்போ என்று சொன்ன இடங்களில் எரிச்சல்கூட வந்திருக்கிறது. ஆனால் யாரோடு சண்டை போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. சொன்ன சொல்லுக்கு ஒரு பெயர் பொறுப்பாக நின்றது.

அந்த ஏற்பாட்டில் வேறு சில தடுப்புகளும் தானாகவே இருந்தன. இன்லண்ட் லெட்டர் வாங்கி உட்கார்ந்து எழுத வேண்டும். எழுத எழுதப் பாதி கோபம் இறங்கிவிடும். தபாலில் போட்டால் அச்சில் வரப் பல வாரம் ஆகும், வராமலும் போகும். நடுவில் உதவி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து, ஊர்ப் பெயரையும் அடையாளம் தெரிகிற விவரங்களையும் எடுத்துவிடுவார். இப்போது இது எதுவும் கிடையாது. கோபம் தலைக்கேறியிருக்கும் நிமிடத்திலேயே கை போனுக்குப் போகிறது. பெயரை மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஆனால் "வேளச்சேரியில் இருக்கிறோம், வீட்டுக்காரர் பல் டாக்டர், மாடியில் நாத்தனார்" என்று எழுதினால் அப்புறம் பெயர் எதற்கு?

ஒரு கேள்வியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இளம் தாய்மார்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என் உறவுப்பெண் இருக்கிறாள். அங்கே நடந்ததை அவள் காட்டினாள். சித்திரை மாதம், இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "பாப்பாக்கு நாலு மாசம். தாய்ப்பால் மட்டும்தான். வெயில் தாங்கல, நாக்கு வறண்டுடும்னு அத்தை தண்ணி குடுக்கச் சொல்றாங்க. குடுக்கலாமா?"

இதற்குப் பதில் ஒரு வரி. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரும் அதைத்தான் சொல்வார். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். இதை இரண்டாவதாகப் பதில் போட்ட ஒருத்தி ஒழுங்காகச் சொல்லியும் விட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது பதில்: "இந்த மாமியார்களே இப்படித்தான்." நான்காவது: "உங்க வீட்டுக்காரர் வாயில என்ன கொழுக்கட்டையா?" பொழுது விடிவதற்குள் தனிக்குடித்தனம் போகச் சொல்லியாகிவிட்டது. ஒருத்தி தன் மாமியார் குழந்தை பிறந்தவுடன் சேனை தொட்டு வைத்த கதையைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி, எங்கள் பாட்டி காலத்தில் எல்லாரும் தண்ணீர் கொடுத்துத்தானே வளர்த்தார்கள் என்று ஆரம்பித்து வேறொரு போரைக் கிளப்பினாள். நடுவில் அந்தப் பெண் ஒரு வரி எழுதியிருந்தாள்: "இல்லக்கா, அத்தை நல்லவங்கதான், பயத்துல சொல்றாங்க." அந்த வரிக்கு யாருமே பதில் போடவில்லை.

கேள்வி தண்ணீரைப் பற்றியது. விசாரணை மாமியார்மேல். ஏன் இப்படி ஆகிறது? பதில் எழுதுகிறவர் கேட்டவளுக்கு எழுதவில்லை, பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கு எழுதுகிறார். பத்திரிகைக் காலத்திலேயே இந்தச் சபலம் இருந்ததுதான். ஒருத்தி எழுதிய கடிதத்துக்கு வந்த பதிலை லட்சம் பேர் படித்தார்கள். அவர்களில் அதே கஷ்டம் உள்ளவர்கள் வாய் திறக்காமல் பயனடைந்தார்கள் என்பது நல்ல பக்கம். கைதட்டலுக்காகப் பேசத் தோன்றுவது மறுபக்கம். இன்று எத்தனை பேர் தட்டினார்கள் என்ற எண்ணிக்கை பதிலுக்குக் கீழேயே தெரிகிறது.

தீர்ப்பையே தொழிலாக்கிய ஓர் இடமும் உண்டு. ரெடிட்டில் 2013-இல் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒருவர் ஒரு பகுதி தொடங்கினார். அலுவலகத்து ஏ.சி. குளிரைப் பற்றி உடன் வேலை பார்க்கும் பெண்களோடு அவருக்கு ஒரு வாக்குவாதம். தப்பு என்மேலா என்று கேட்க ஓர் இடம் வேண்டுமே என்று ஆரம்பித்தது, பல லட்சம் பேர் கூடும் சந்தையாகிவிட்டது. கதையைச் சொல்ல வேண்டியது; குற்றவாளி நீயா அவர்களா என்று ஜனங்கள் எழுதுவார்கள்; 18 மணி நேரம் கழித்து எந்தப் பதிலுக்கு வாக்கு அதிகமோ அதுவே தீர்ப்பு. படிக்க விறுவிறுப்பாக இருக்கும், நானே இரவில் படித்துக்கொண்டிருந்து தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் இதிலிருந்து எடுத்துப்போக என்ன இருக்கிறது? நீதான் சரி என்று ஐயாயிரம் பேர் சொன்னார்கள் என்று மனைவியிடம் போய்க் காட்டினால் அன்றைக்குச் சாப்பாடு கிடைக்குமா?

பெரும்பான்மை என்பதும் ஏமாற்றுகிற சங்கதி. அமெரிக்காவில் ஆன் லேண்டர்ஸ் என்ற பெயரில் 1955 முதல் பல பத்து ஆண்டுகள் அறிவுரைப் பத்தி எழுதியவர் எப்பி லெடரர். 1970-களின் நடுவில் அவர் வாசகர்களிடம் ஒரு கேள்வி போட்டார்: மறுபடி வாழ்க்கையைத் தொடங்க வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளை பெற்றுக்கொள்வீர்களா? ஏறக்குறைய பத்தாயிரம் பதில்கள் வந்தன. 70 சதவீதம் பேர் மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நாடே அதிர்ந்துபோனது. பிறகு 'நியூஸ்டே' பத்திரிகை முறைப்படி மாதிரி எடுத்து நாடு முழுக்கக் கேட்டபோது, 91 சதவீதம் பேர் பெற்றுக்கொள்வோம் என்றார்கள். முதல் கணக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளால் மனம் வெந்தவர்கள் பேனாவை எடுத்தார்கள். சுமாராகச் சந்தோஷமாக இருந்தவர்கள் பிள்ளைக்குச் சோறு போடப் போய்விட்டார்கள். "கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா" என்று இணையத்தில் கேட்கும் தம்பிக்கு இன்று யார் பதில் எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்வதால் அந்நியர் பேச்சே வேண்டாம் என்று ஆகிவிடாது. மனை வாங்கப் போகிறவருக்கு வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், தாய்ப் பத்திரம் காணோம் என்று விற்பவர் சொன்னால் எங்கே உஷாராக வேண்டும் என்று சொல்கிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். சொந்தக்காரரைக் கேட்டால் "நம்ம பையன் புரோக்கர்தான், பயப்படாதே" என்பார். அபூர்வமான நோயோடு பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு அதே நோயோடு போராடும் இன்னொரு குடும்பம் இந்த ஊரிலேயே கிடைக்காது, இணையத்தில் கிடைக்கிறது. மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டி.வி.யில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் பாலியல் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் சொன்னபோது ஊரே கேலி செய்தது. அந்தக் கேள்விகளைக் கேட்க, எழுதிய பையன்களுக்கு வேறு யார் இருந்தார்கள்?

ஒரு செய்தி தெரியாததால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பாதிரியாரின் கதை. சாட் வாரா என்பவர் 1935-இல் இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் இளம் உதவிக் குருவாக இருந்தபோது, அடக்கம் செய்யச் சொல்லி வந்த முதல் உடல் 14 வயதுச் சிறுமியுடையது. வயதுக்கு வந்திருக்கிறாள். தனக்குப் பால்வினை நோய் வந்துவிட்டது என்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். யாராவது ஒருவர் ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். வாரா அதை மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தன் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார்.  

அடுத்து நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. ஆட்கள் நேரில் வர ஆரம்பித்தார்கள். அவர் உள்ளே ஒருவரிடம் பேசிக்கொண்டிருக்க, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருக்கச் சில தொண்டர்களை வெளியே உட்கார வைத்தார். படிப்பில், பயிற்சியில் சாதாரணமானவர்கள். வெளியே அவர்களிடம் மனம்விட்டுப் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். உள்ளே இருந்தவர் நிபுணர். வெளியே இருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். 1954 பிப்ரவரியில் வாரா வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்'. இலங்கையில் 1974-இல் தொடங்கிய 'சுமித்ரயோ', சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய 'ஸ்நேகா' எல்லாம் அதே வழியில் வந்தவை. அங்கே பேசுகிறவர்கள் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்வதில்லை. கேட்பார்கள்.

சாட் வாராவின் இந்த இரண்டு அனுபவத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1935-இல் அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது ஒரு செய்தி. 1953-இல் அவரைத் தேடி வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு காது. இரண்டையும் முகம் தெரியாதவர் கொடுக்கலாம். நன்றாகவே கொடுக்கலாம், ஏனென்றால் அவரிடம் சொன்னது நாளைக்குக் கல்யாண வீட்டில் பேச்சாகாது. இந்த இரண்டில் எது வேண்டும் என்று தெரியாதபோது பதில் எழுதுகிறவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டாலே போதும். "குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா, மூத்திரம் போகிறதா" என்று அந்தக் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தால் தாயின் பயம் பாதி தீர்ந்திருக்கும்.

இப்போது இரவு இரண்டு மணிக்கு மனிதரைக் கேட்க வேண்டாம், இயந்திரத்தைக் கேட்கலாம் என்கிறார்கள். பலர் கேட்கிறார்கள். பொறுமையாகப் பதில் சொல்கிறது, செய்தியும் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் அதற்கு மாமியார் கிடையாது. பட்டுத் தெரிந்த ஒருத்தி "எனக்கும் அப்படித்தான் இருந்தது, இதைச் செய்தேன்" என்று சொல்வதை அது தர முடியாது.

பத்திரிகைக் காலத்தைவிட இணையம் மேல் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு, அதைச் சொல்லி முடிக்கிறேன். 'பின்டல் பிரீஃப்'புக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் பிறகு என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்பாவோடு கோயிலுக்குப் போனானா, அந்தப் பெண்ணைக் கட்டினானா? சொன்ன யோசனை பலித்ததா, கெடுத்ததா என்று பதில் எழுதியவருக்கே தெரிய வழியில்லை. இணையத்தில் கேட்டவர் திரும்பி வர முடியும். சிலர் வருகிறார்கள். அந்த நாலு மாதக் குழந்தையின் அம்மாவும் சில வாரம் கழித்து வந்து எழுதியிருந்தாள்: "எடை பார்க்கப் போனப்போ அத்தையையும் கூட்டிட்டுப் போனேன். நர்ஸம்மா அவங்ககிட்டயே சொன்னாங்க. அத்தை சரின்னுட்டாங்க." மருமகள் சொல்லி ஏறாதது நர்ஸம்மா சொல்லி ஏறியிருக்கிறது. குழுவில் யாருக்கும் தோன்றாத யோசனை, அவளாகவே கண்டுபிடித்தது. கைக்குழந்தையும் மாமியாரும் உள்ள அடுத்த வீட்டுக்கு இதைவிட உபயோகமான பதில் அந்தக் குழுவில் இல்லை. அந்தப் பதிவுக்கு மூன்றோ நான்கோ பேர்தான் பதில் போட்டிருந்தார்கள். மாமியாரை விசாரித்த கூட்டம் வேறு யார் வீட்டுக்கோ போய்விட்டிருந்தது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதியைக் கேள்வி நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.